பூதியார் வரவேண்டாம் என்று விடுத்த ஓலை

நலம் பெருகுக. ஊதைமலையின் ஒன்பது சுனைகளும் வற்றாதிருக்க. அம்மலையின் தினைப்புனங்களில் கிளி தின்றது போக வீடு நிறைய மிஞ்சுக. அந்நாட்டைக் காக்கும் பெருமாட்டி, சொன்ன சொல் மாறாதவர், அடைக்கலம் என்று வந்தவரை ஆறாண்டு ஆனாலும் விருந்தென்றே நடத்துபவர், அரசி காரிநங்கையார் நெடிது வாழ்க.

மருதவேலி நாட்டின் எழுபத்திரண்டு ஊருக்கும் உரியவரும், பெருமடைக் கோட்டையில் வீற்றிருப்பவருமாகிய மன்னர் செங்கதிர்வேள் திருவாய் மொழிந்தருள, அவருடைய ஓலைநாயகம் சிற்றம்பல வேளான் எழுதி, அரசியார் திருமுன் வைப்பது.

சென்ற அமாவாசைக்கு முன் எம் மன்னர் தங்களுக்கு ஓர் ஓலை விடுத்திருந்தார். எம் நாட்டால் விலக்கப்பட்டுத் தங்கள் நிழலில் வாழும் ஏரித்தலைவி பூதியாரைத் திரும்ப அனுப்பியருள வேண்டும், உடைந்த கடல்காட்டி ஏரியின் கரையை மழைக்கு முன் கட்டிமுடிக்க அவரைவிட்டால் எமக்கு ஆளில்லை என்று அதில் கேட்டிருந்தார். தாங்களும் பெருந்தன்மையோடு இசைந்தீர்கள். பூதியாரும் பழையதை மறந்து, வளர்பிறைப் பத்தாம் நாள் மலையிறங்குவதாகச் சொல்லியனுப்பினார். அந்த மறுமொழி ஓலையை மன்னர் இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டதை அடியேன் அருகிருந்து பார்த்தேன்.

இப்போது அதே மன்னர் அதே கையால் முத்திரையிட்டு, பூதியார் வரவேண்டாம் என்று எழுதச் சொல்கிறார். முன்னுக்குப் பின் முரணாக ஓலை விடுப்பது முடிசூடியவருக்கு அழகன்று. அதை மன்னரும் அறிவார். ஆதலால் அழகுபடுத்தாமல், நடந்ததை நடந்தபடி எழுதும்படி ஆணை. ஓலை சற்று நீளும். அரசியார் பொறுத்தருள வேண்டும்.

கடல்காட்டி ஏரியை அடுத்த ஊர் மடைக்கரை. அவ்வூரின் செய்தி கூறுவார் கொற்றன் என்பவர். ஐம்பது கடந்தவர், ஒடிந்து விழுவதுபோல் உடம்பு, ஆனால் சந்தையின் மறுகோடியில் மாடு பேரம் பேசுகிறவனும் பேச்சை நிறுத்திக் கேட்கும்படியான தொண்டை. இந்த ஓலையில் உள்ளதில் பெரும்பகுதி அவர் வாய்மொழி. மன்னர்முன் இரண்டு பகல் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல், தம்மை எங்கும் நல்லவராகக் காட்டிக்கொள்ளாமல் சொன்னார்.

தங்கள் மலைநாட்டில் செய்தி கூறும் வழக்கம் இல்லை என்று கேள்வி. எம் நாட்டில் ஒவ்வோர் ஊருக்கும் சந்தை நடுவே ஒரு செய்திக்கல் உண்டு. சந்தை நாளில் கூறுவார் அதன்மேல் ஏறி நின்று அவ்வாரத்தில் நடந்ததைச் சொல்லுவார். அவர் வீட்டில் அவருக்கென்று உலை வைக்கக்கூடாது என்பது முன்னோர் விதி. மனைவி மக்கள் இருந்தாலும் அவர்கள் உண்பது வேறு, அவர் உண்பது வேறு. ஊரிலுள்ள வீடுகளில் முறைவைத்து, நாளுக்கு ஒரு வீடாக, அன்று அங்கே என்ன ஆக்கினார்களோ அதை உண்ணவேண்டும். ஒரு வீட்டில் மறுத்தால் அடுத்த வீடு இருக்கிறது; ஊரே சேர்ந்து மறுத்தால்தான் அவர் பட்டினி. ஆகையால் எந்த ஒரு வீட்டுக்கும் அவர் பயப்படத் தேவையில்லை.

கொற்றன் தம் இளவயதுக் கதை ஒன்றைச் சொல்லி மன்னரைச் சிரிக்க வைத்தார். ஒருநாள் செக்கார வீட்டு அம்மாளின் கத்தரிக்காய்க் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கி உண்டாராம். மறுநாள் கல்லின்மேல் ஏறி, அந்த அம்மாளின் எண்ணெய் அளக்கும் உழக்கு அடிப்பக்கம் உள்வாங்கியிருக்கிறது, பார்த்து வாங்குங்கள் என்று கூறிவிட்டார். உழக்கு மாற்றப்பட்டது. அடுத்த முறை வந்தபோது அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே இலை போட்டு, குழம்பில் ஒருபிடி மிளகாயை அதிகம் அள்ளிப் போட்டிருந்தாராம். கொற்றன் கண்ணீர் வழிய முழுவதும் உண்டு எழுந்தாராம். முறையை மட்டும் அந்த அம்மாள் ஒருநாளும் தவறவிடவில்லை.

இந்த வழக்கம் எம் மன்னர் காலத்திலேயே கெட்டது. கெடுத்தவர் பகைவர் அல்லர், மன்னரே கையொப்பமிட்டார்.

ஈராண்டு வானம் பொய்த்த காலம் அரசியாருக்கு நினைவிருக்கும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கே கஞ்சி இல்லாதபோது கூறுவாருக்கு யார் இலை போடுவது? கூறுவார் சிலர் கல்லின்மேல் நிற்க முடியாமல் உட்கார்ந்து பேசினர். அப்போது பெருவணிகர் குன்றனார் அவைக்கு வந்தார். கப்பல் தொழிலால் களஞ்சியம் நிறைந்தவர், கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். எழுபத்திரண்டு செய்திக்கல்லின் அருகிலும் ஒரு சோற்றுச்சாலை தம் செலவில் அமைத்து, கூறுவார் அனைவருக்கும் நாள்தோறும் உணவிடுவதாகச் சொன்னார். அவையே கைகுவித்தது. மன்னருக்கு நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கியது.

எதிர்த்தவர் ஒருவரே, பூதியார். பசித்தால் ஊரோடு பசிக்கட்டும், ஒரு வீட்டுக்கு ஒரு கவளம் என்று பிசைந்து கொடுத்தாலும் போதும், ஆனால் எல்லா வீட்டுக் கவளமாகவும் இருக்கட்டும் என்று அவையில் நின்று சொன்னார். பசி தெரியாமல் பேசுகிறார் என்று அமைச்சர் ஒருவர் முணுமுணுத்தார். மன்னரும் அப்படியே நினைத்ததாக இன்று ஒத்துக்கொள்கிறார்.

பிறகு மழை பெய்தது, வயல் விளைந்தது, முறைச்சோறு மட்டும் திரும்பவில்லை. வீட்டுப் பெண்களுக்கு ஒரு வேலை குறைந்தது. கூறுவாருக்கும் அது வசதியாகவே இருந்தது. இன்று புளித்த கூழ், நாளை உப்பில்லாப் பருப்பு என்று அலைந்த வயிறு, வேளாவேளைக்கு நெய்விட்ட சோறு கண்டது. கொற்றனுக்குக் குடலில் புண் உண்டு. அதைக் கேட்டறிந்து, அவருக்கு மட்டும் காரம் இல்லாமல் தனியே மோர்க்குழம்பு வைத்தார்களாம். இப்படி யார் என்னைப் பார்த்துக்கொண்டார்கள் என்று மன்னரிடமே கேட்டார்.

குன்றனாரோ அவர் ஆட்களோ கொற்றனைப் பொய் சொல்லச் சொன்னதே இல்லை. இதை அவர் மூன்றுமுறை அழுத்திச் சொன்னார். முன்பெல்லாம் வெளியூர்ச் செய்திக்காகக் கூறுவார்கள் நாலுவழிச் சந்திப்பு வரை நடந்துபோய், பக்கத்து ஊர்க் கூறுவாரோடு பேசி, சண்டைபோட்டு, சரிபார்த்து வருவார்கள். இப்போது சோற்றுச்சாலை மணியக்காரர் உணவு பரிமாறும்போதே நாட்டுச் செய்தி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். நடை மிச்சம். வெயிலில் காய வேண்டியதில்லை. எழுபத்திரண்டு ஊரிலும் அதே நாளில் அதே செய்தி, சொல் மாறாமல் பரிமாறப்பட்டது.

இனி ஏரியின் கதை.

வறட்சிக்குப் பின் கடல்காட்டி நிறைந்தபோது நாடே கொண்டாடியது. பூதியார் கொண்டாடவில்லை. ஈராண்டு வெயிலில் காய்ந்து வெடித்த கரை, திடீரென்று நீர் நின்றதும் உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கியிருந்தது. கரையின் வெளிப்புறத்தில் ஒன்பது இடங்களில் ஊற்றெடுத்தது. வடக்கு மதகைத் திறந்து நீர்மட்டத்தை இரண்டு முழம் குறைத்துவிட்டு, கோடையில் கரையைத் தோண்டிக் களிமண் இட்டுக் கட்டவேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். நீர்மட்டம் இரண்டு முழம் குறைந்தால், மேட்டு நிலத்துக்குப் போகும் வாய்க்காலான மேட்டுக்காலில் தண்ணீர் ஏறாது. மேட்டுக்கால் பாய்ச்சுவது குன்றனாரின் புதுக் கரும்புத் தோட்டங்களை.

பூதியார் கொற்றனைக் கரைக்கு அழைத்துப்போனார். கரையின் அடிவாரத்தில், புல் மட்டும் பச்சென்று செழித்திருந்த ஓரிடத்தில், அவர் கையைப் பிடித்து மண்ணில் வைத்தார். மண் குளிர்ந்து, சொதசொதவென்று, உள்ளிருந்து யாரோ மூச்சுவிடுவதுபோல் அசைந்தது என்று கொற்றன் சொன்னார். நீ பார்த்ததைச் சொல், அது போதும், எனக்காகப் பரிந்து பேசவேண்டாம் என்றாராம் பூதியார். சொல்லுகிறேன் என்று கொற்றன் வாக்குக் கொடுத்தார்.

சந்தை நாள் காலை வழக்கம்போல் சோற்றுச்சாலைக்குப் போனார். இலையில் சூடான பொங்கல் வைத்தார்கள். மணியக்காரரிடம் தாமாகவே ஏரிக்கரை விஷயத்தைச் சொன்னார். மணியக்காரர் தடுக்கவில்லை. அறுவடை நேரமாயிற்றே, சனங்கள் பயந்து ஊரைக் காலி செய்தால் கதிர் வயலிலேயே உதிர்ந்துபோகுமே, இந்த வாரமே சொல்லவேண்டுமா என்று மட்டும் கேட்டாராம். கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று கொற்றன் கல்லின்மேல் ஏறி, மாட்டுச்சந்தை, கோயில் கொடியேற்றம், பக்கத்தூர்த் திருமணம் ஆகியவற்றைச் சொல்லி இறங்கினார். கூட்டத்தில் பூதியார் நின்றிருந்தார். தலையைக் குனிந்துகொண்டே இறங்கினேன் என்றார்.

அடுத்த வாரம் வேறொரு செய்தி பரிமாறப்பட்டது. பூதியார் தம் தம்பிக்குக் குன்றனார் மகளைக் கேட்டார் என்றும், அவர்கள் கொடுக்க மறுத்தார்கள் என்றும், அந்த ஆத்திரத்தில்தான் குன்றனாரின் கரும்பைக் காயவிட நாட்டுத் தண்ணீரை மதகில் திறந்து வீணடிக்கிறார் என்றும் சொன்னார்கள். ஈராண்டு தண்ணீருக்கு ஏங்கிய சனம் இதைக் கேட்டால் எப்படியிருக்கும்? பெண் கேட்டு மறுக்கப்பட்ட கதை என்றால் எம் நாட்டார் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்பார்கள். கொற்றனுக்கு அது பொய் என்று உறுதியாகத் தெரியாது. ஏனென்றால் பூதியாரின் குடும்ப விவகாரம் அவர் அறியாதது. அவருக்கு உறுதியாகத் தெரிந்தது ஈரமண். அதைச் சொல்லவில்லை, இதைச் சொன்னார், சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஒரு சொல் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லால் தம் நேர்மையைக் காப்பாற்றிக்கொண்டதாக அன்று நினைத்தாராம்.

மடைக்கரையார் திருமணத்துக்கு வெளியூர் போனால் அங்கேயும் அதே பேச்சு. மருமகளைப் பார்க்க இன்னோர் ஊர் போனால் அங்கேயும் அதே. எழுபத்திரண்டு ஊர்க் கூறுவார்களும் தனித்தனியே விசாரித்துச் சொல்லுகிறார்கள் என்று சனம் நினைத்தது. அத்தனைபேரும் ஒரே பானையில் உண்டவர்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் சோற்றையும் சொல்லையும் சேர்த்து யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மன்னருக்கும் தோன்றவில்லை என்பதை எழுதும்படி ஆணை.

எம் நாட்டில் ஏரித்தலைவரை ஊரார் குடத்தில் ஓலையிட்டுத் தேர்வர். ஆண்டிறுதியில் வீட்டுக்கு ஒருவர் வந்து, தொடர்க என்றால் பச்சோலையும், விலகுக என்றால் காய்ந்த ஓலையும் குடத்தில் இடுவர். விலக்கப்பட்டவர் அந்த ஏரிநீர் பாயும் எல்லைக்குள் வாழக்கூடாது; கடல்காட்டியின் நீர் பாயாத ஊர் எம் நாட்டில் இல்லை. அவ்வாண்டு எழுபத்திரண்டு குடங்களில் அறுபத்தாறில் காய்ந்த ஓலையே மிகுந்தது. மன்னர் தலையிட்டிருக்கலாமே என்று அரசியார் கேட்கலாம். குடத்தில் விழுந்ததை மாற்ற மன்னருக்கு அதிகாரம் இல்லை. அன்று அவருக்கு அதற்கு மனமும் இல்லை.

பூதியார் மூட்டையோடு சந்தை வழியே போனார். செய்திக்கல்லடியில் கொற்றன் நின்றிருந்தார். ஏசுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்து நின்றார். பூதியாரோ நின்று பார்த்து, சாப்பிட்டாயா கொற்றா என்று கேட்டுவிட்டு நடந்தாராம். ஊரில் எவரைக் கண்டாலும் எவரும் கேட்பதுதான். அவர் வேறொரு பொருளில் கேட்டாரா, வழக்கமாகக் கேட்டாரா என்று தெரியாமல் இத்தனை ஆண்டாக வேகிறேன் என்றார் கொற்றன்.

பூதியார் போனபின் வந்த தலைவர் ஒவ்வோர் ஆண்டும் கரைமேல் கொஞ்சம் மண் கொட்டி, நீர் குறையாமல் பார்த்துக்கொண்டார். அதற்காக ஊரார் அவரைப் புகழ்ந்தார்கள். ஆறாம் ஆண்டு, சென்ற கார்த்திகையில், ஒரு நண்பகலில், அந்தப் பச்சைப் புல் இருந்த இடத்திலேயே கரை உடைந்தது. கரையடியில் இருந்த கீழ்க்குரம்பை என்னும் சிற்றூர் உணவு வேளையில் இருந்தது. இலை முன்னால் உட்கார்ந்தபடியே போனவர் பலர். அறுபத்தொரு பேர். அவர்களில் பதினெட்டுக் குழந்தைகள். அந்தத் துயரத்தை அடியேனால் இதற்குமேல் எழுத இயலவில்லை.

அடுத்த சந்தை நாளில் கொற்றன் சோற்றுச்சாலைக்குப் போகாமல் வெறும் வயிற்றோடு கல்லின்மேல் ஏறினார். ஆறு ஆண்டுக்கு முன் தாம் கண்டதை, தொட்டதை, வாக்குக் கொடுத்ததை, சொல்லாமல் விட்டதைச் சொன்னார். கூட்டம் நம்பவில்லை. ஏனென்றால் அன்று காலையே மற்றெல்லா ஊரிலிருந்தும் ஒரு செய்தி வந்து பரவியிருந்தது. பூதியார் மலையிலிருந்து ஆள் அனுப்பிக் கரையை வெட்டிவிட்டார் என்பது அது.

கூட்டத்தில் மருதி என்னும் பெண் இருந்தாள். கீழ்க்குரம்பையில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள். கொற்றன் சொன்னதைக் கேட்டு அவள் தம் பக்கம் நிற்பாள் என்று அவர் நம்பினார். முதல் கல் அவள் கையிலிருந்துதான் வந்தது. மலைக்காரி உனக்கு எவ்வளவு சோறு போட்டாள், என் பிள்ளைகள் செத்த ஈரம் காயுமுன் இப்படிப் பேச உனக்கு எப்படி வாய் வந்தது என்று கதறினாளாம். நெற்றி பிளந்து இரத்தம் வழிய, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அன்று காய்ந்த ஓலை இட்டவள். கொற்றன் சொல்லுவது உண்மை என்றால், தன் பிள்ளைகளைக் கொன்ற தண்ணீருக்குத் தானும் ஒரு கை கொடுத்திருக்கிறாள். அதை எந்தத் தாய் தாங்குவாள்? பூதியார் வெட்டினார் என்றால் அழவாவது முடியும். இதைச் சொல்லும்போது கொற்றன் மருதியைக் குறைகூறவில்லை. அவளுக்கு அந்தப் பொய் வேண்டியிருக்கிறது, அதை அவள் கையிலிருந்து பிடுங்க எனக்கு என்ன தகுதி என்றார்.

மன்னர் விசாரித்து உண்மை அறிந்து, அரச முரசு முழக்கி, எழுபத்திரண்டு ஊரிலும் பூதியார் குற்றமற்றவர் என்று அறிவித்தார். பழைய ஏரித்தலைவியின் குற்றத்தை மூடிமறைக்கப் பார்க்கிறார் மன்னர் என்றது சனம். சோற்றுச்சாலைகளைப் பூட்ட ஆணையிட்டார். கூறுவார் வாயை மன்னர் அடைக்கிறார் என்று தெருத்தெருவாக முறையிட்டார்கள். குன்றனாரே வந்து, பணிவாக, பசித்தவர் வயிற்றில் அடிக்கவேண்டாம் என்று வேண்டினார். அவரைத் தண்டிக்கலாமா என்றால், எதற்கென்று தண்டிப்பது? சோறு போட்டதற்கா? கீழ்க்குரம்பையில் பிழைத்தவர்களுக்கு முதலில் களஞ்சியம் திறந்தவரும் அவர்தான். தம் சாலையில் புறப்பட்ட செய்தியைத் தாமே சந்தையில் கேட்டு உண்மை என்று நம்பியிருக்கவும் கூடும் என்று மன்னர் எண்ணுகிறார்.

அதன்பின்தான், பூதியார் வந்து கரையைக் கட்டினால் கண்டாவது நம்புவார்கள் என்ற ஆசையில், முதல் ஓலையை மன்னர் விடுத்தார்.

பூதியாரின் இசைவு வந்த எட்டாம் நாள் கொற்றன் கால்நடையாகப் பெருமடைக்கு வந்தார். கணவாய் இறங்கும் வழியில் மூன்று ஊர்க்காரர்கள் கல் குவித்துக் காத்திருக்கிறார்கள் என்றார். அவர்களில் மருதியும் இருக்கிறாளாம். ஐந்நூறு வேல் வீரர்களைத் துணைக்கு அனுப்புகிறேன் என்றார் மன்னர். அனுப்பலாம், உயிரோடு கரை வரை கொண்டுவந்தும் விடலாம். ஆனால் கரை கட்ட நாலாயிரம் கை வேண்டும், அந்த அம்மாள் சொன்ன இடத்தில் ஒரு கூடை மண் போட எவன் வருவான், வேல்முனையைக் காட்டி நாலாயிரம் பேரை மண் சுமக்க வைத்தால் அந்தக் கரை எத்தனை நாள் நிற்கும் என்று கொற்றன் கேட்டார். மன்னர் அடியேனை அழைத்து ஓலை எடுக்கச் சொன்னார்.

ஆதலால் எம் மன்னர் தங்களை வேண்டுவது. பூதியாரை மலையிறங்க விடாதீர்கள். புறப்பட்டுவிட்டார் என்றால் ஆள் விட்டுத் திருப்பி அழையுங்கள். எம் கணவாய்க் காவலருக்கும், அவர் வந்தால் அரசிக்குரிய மரியாதையோடு வணங்கி, மேலே ஓர் அடி எடுத்துவைக்க விடாமல் திருப்பி அனுப்பும்படி ஆணை போயிருக்கிறது. தம் சொந்த நாட்டின் வாசலில் தம்மைத் தடுத்தார்கள் என்று அவர் வருந்துவார். தடுக்காவிட்டால் அவர் உயிர் இராது.

இன்னொன்று கேட்க மன்னருக்கு நா எழவில்லை, அடியேன் எழுதுகிறேன். மழைக்கு நாற்பது நாளே இருக்கிறது. ஒன்பது ஊற்றும் எங்கெங்கே உள்ளன, எவ்வளவு ஆழம் தோண்டவேண்டும், எந்தக் களிமண்ணை எதனோடு பிசையவேண்டும் என்பது பூதியார் ஒருவருக்கே தெரியும். அதை அவர் எழுதித் தரவேண்டும். எழுதித் தந்தால், அது அவர் பெயரால் அறிவிக்கப்படாது. அரச தச்சர் கண்டுபிடித்தது என்றே எழுபத்திரண்டு ஊரிலும் சொல்லப்படும். அப்போதுதான் சனம் மண் சுமக்க வரும். உண்மையைப் பொய்யின் பெயரில் விற்பது இது என்று மன்னர் அறிவார். இதைக் கல்லின்மேல் கூறும்படி கொற்றனைக் கேட்டார். ஒருமுறை வாய்மூடி அறுபத்தொரு பேரைக் கொன்றேன், இன்னொருமுறை அந்த அம்மாளின் உழைப்பைத் திருடி வாய் திறக்கமாட்டேன் என்று கூறி, கூறுவார் பட்டத்தைக் கழற்றி மன்னர் காலடியில் வைத்தார். வேறொருவர் கூறுவார். எளிதில் கிடைப்பார்.

இவ்வோலையைக் கொண்டுவருபவர் கொற்றனே. தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். பூதியாரைக் கண்டு, ஏரிக்கரையில் தாம் தொட்டதைத் தம் வாயால் சொல்லவேண்டும் என்பது அவர் விருப்பம். எம் மன்னரை விட்டால் அவர் சொல்லை நம்பக்கூடியவர் இவ்வுலகில் பூதியார் ஒருவரே. அவருக்கோ அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. இதைச் சொல்லிப் பார்த்தோம், கொற்றன் கேட்கவில்லை. பூதியார் அவரைக் காண மறுத்தால் அது அவர் உரிமை. அவ்வாறாயின் அரசியார் கொற்றனைக் கடிந்துகொள்ளாமல் வழியனுப்புக.

எம் மன்னர் பூதியாரிடம் மன்னிப்புக் கேட்கிறார். அரசன் என்ற முறையில் அன்று. குடத்தில் ஓலையிடும் உரிமை தமக்கும் இருந்திருந்தால், சோற்றுச்சாலைச் செய்தி கேட்டுத் தாமும் காய்ந்த ஓலையே இட்டிருக்கக்கூடிய ஒருவர் என்ற முறையில்.

ஊதைமலை வாழ்க. அரசியார் குடை நிழல் நீள்க. மருதவேலி நாட்டு அரச முத்திரை, ஏர்முனையும் மீனும் பொறித்தது, இதன் தலைப்பில் இடப்பட்டது. இவ்வோலையின் படி ஒன்றும் எம் ஓலைச்சாலையில் வைக்கப்படவில்லை. எம் எழுபத்திரண்டு ஊர்களில் எந்தச் செய்திக்கல்லின்மேலும் இது படிக்கப்படுதல் ஆகாது என்பது அரச ஆணை. தங்கள் மலையில், தங்கள் மக்கள் முன், விரும்பிய மட்டும் படிக்கலாம், அங்குள்ளோர் நம்புவார்கள்.